இரண்டு நோவி பசார், ஒரு ஃப்ளெக்ஸ்

‘தெரியாது’ என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதை முன்பே பழகியிருந்தால் ஒரு நிச்சயதார்த்தம் நிம்மதியாக முடிந்திருக்கும். நானும் இன்று இவ்வளவு அலுத்துப்போயிருக்க மாட்டேன்.

துபாயில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மீனா, உடன் வேலை பார்க்கும் ஸ்டோயனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஃபோனில் சொன்னாள். “ஐரோப்பாண்ணா. ஊரு நோவி பசார்.” அதோடு லைன் கட். (நம்ம தீவு நெட்வொர்க்!) அப்பா, ஹார்பரில் ஷிஃப்ட் முறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், “எப்படிப்பட்ட இடம்னு விசாரிக்காம எப்படிடா குடுக்கிறது?” என்றார். மீனாவைத் திரும்பக் கூப்பிட்டு நாடு எது என்று கேட்டிருக்கலாம். (கூகுள் இருக்கும்போது தங்கச்சிகிட்டயா கேட்பாங்க?)

செர்பியாவில் ஒரு நோவி பசார் கிடைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்து, கோட்டை, ஆறு, வணிகப் பாதை என்று அப்பாவிடம் ஒப்பித்தேன். “பக்கா ஊருப்பா. நான் கேரண்டி.” அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் சம்மதித்தார்.

நிச்சயத்தன்று மரைன் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில், எங்கள் ஊர்க் கடைத்தெருவான அபர்டீன் பஜாரில் அடித்த பத்தடி ஃப்ளெக்ஸைக் கட்டினேன். அதில் கோட்டை, ஆறு, மூலையில் செர்பியக் கொடி. ஸ்டோயன் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். (மனுஷன் உருகிட்டாருன்னு நினைச்சேன்.) அந்தத் தெம்பில் மைக்கைப் பிடித்து, தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து இருபது நிமிடம் அவர் ஊர் வரலாற்றைப் பொழிந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி அங்கிள் தூங்கியே விட்டார்.

முடித்ததும் ஸ்டோயன் எழுந்து, மெதுவாக இங்கிலீஷில் சொன்னார்: “ரொம்ப அழகான ஊர். ஒருநாள் போய்ப் பார்க்கணும். என் ஊர் பல்கேரியாவில் இருக்கிறது.”

மீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். தட்டு மாற்ற உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துவிட்டார்.

“அப்போ இவரு ஊரு எப்படிப்பட்டதுடா?”

மீனாவின் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாகச் சொன்னேன்: “தெரியாதுப்பா.”

என்னைக் காப்பாற்றியவர் ஸ்டோயன்தான். துருக்கியர் ஆண்ட காலத்தில் புதிதாகச் சந்தை கூடிய ஊர்களுக்கு ‘புதுச் சந்தை’ என்றே பெயர் விழுந்ததாம். நோவி பசார் என்றால் அதுதான் அர்த்தமாம். அவர் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி கோட்டை இல்லை. பீங்கான் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதில்தான் அவர் அம்மா வேலை பார்த்தார். மீனா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா அந்தக் கடைசி விஷயத்தில் நின்றார்.

“அம்மா ஷிஃப்ட்டுக்குப் போவாங்களா?”

“நைட் ஷிஃப்ட்டும் உண்டாம்ப்பா.”

அப்பா மறுபடி உட்கார்ந்தார். “அரே, இதுல என்ன இருக்கு! கவர்மெண்ட் பேரை மாத்தினதுல நம்ம ஊருக்கு இப்ப ரெண்டு பேரு. அவங்க ஊர்ப் பேருக்கு ரெண்டு ஊரு. தட்டை எடுங்க.”

மீனா இப்போது பல்கேரியாவில் சௌக்கியமாக இருக்கிறாள். எனக்குத்தான் விடிவு இல்லை. போன மாதம் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டு, “அப்பா, சென்னைக்குப் போறேன்” என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

“எந்தச் சென்னை?”