உட்காரக் கூடாத நாற்காலி

நாற்காலி செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. நாம் உட்காருவதற்காகச் செய்கிறவர்கள் ஒரு வகை; அவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. நாம் நின்றபடியே விளக்கம் கேட்பதற்காகச் செய்கிறவர்கள் இன்னொரு வகை. அப்படிப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டவள் படும் பாட்டைக் கேளுங்கள்.

விமான இறக்கைக்குப் போடுகிற கார்பன் நாரையும் பிரம்பையும் ஒன்றாகப் பின்னி, ஒரு கையால் தூக்கிவிடலாம் என்கிற அளவுக்கு லேசாக, யானையே உட்கார்ந்தாலும் தாங்கும் என்று பீற்றிக்கொண்டு, ஆனால் ஓர் எலியைக்கூட உட்கார விடாமல், கூடத்தின் நட்டநடுவில் ஒரு நாற்காலியை நிறுத்தியிருந்தார் அவள் கணவர். இருந்த மேஜை, சோபா எல்லாம் ‘பார்வையை மறைக்கின்றன’ என்று வெளியேற்றப்பட்டன. சாப்பாடு? ஜன்னல் திண்டில். மகளின் வீட்டுப்பாடம்? மாடிப்படியில். விருந்தாளிகள்? சுவரோரம்.

“இது நாற்காலி இல்லம்மா. பிரம்புக்கும் எதிர்காலத்துக்கும் நடக்கிற உரையாடல்.”

“அதுங்க பேசட்டும். என் இடுப்புக்கு ஒரு ஸ்டூல் வாங்கிக் குடுங்க.”

கடைசியில் அருங்காட்சியகத்துக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும் அம்மாள் ஒருவர் நாற்காலியைப் பார்க்க வந்தார். இவர் எடுத்துக்கொண்டு போனால் கூடம் நமக்கு, என்று மனைவி வேண்டாத தெய்வமில்லை. கணவரோ இழை, இழுவிசை, மரபின் மூச்சு என்று அளந்துகொண்டே போனார். கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற அம்மாள், “ஒரு நிமிஷம்” என்று பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

பின்னல் அமுங்கியது. பிறகு அவரை மேலே எறிந்தது.

“ஐயோ!” திரும்ப விழுந்தார். திரும்பப் பறந்தார். கொண்டை அவிழ்ந்தது.

“மேடம், அது குதிக்கிறதுக்கு இல்ல!”

“தெரியுது, தெரியுது!” என்றார் அம்மாள், அந்தரத்திலிருந்து. இறங்கியதும் மூச்சு வாங்கியபடி, “எடுத்துக்கிறேன். குழந்தைங்க பகுதிக்கு” என்றார்.

கணவர் முகம் சுண்டிப்போயிற்று. “தர மாட்டேன்! நான் செஞ்சது விளையாட்டுச் சாமானா?”

“நீங்க ஒரு தடவையாவது அதுல உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள் மனைவி. அவரைப் பிடித்து நாற்காலியில் ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

“உரையா...” என்று மேலே போனார். “...டல்” என்று இறங்கினார். மூன்றாவது தடவை வாயில் சொல் இல்லை; சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்ட அதே சிரிப்பு! மகள் கைதட்டினாள், மனைவிக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு வந்தது, அம்மாள், “அடுத்தது நான்” என்று வரிசையில் நின்றார்.

அருங்காட்சியக வண்டி வந்தபோது நாற்காலியைத் தூக்க ஓர் ஆள் போதுமாயிருந்தது. அதிலிருந்து கணவரை இறக்கத்தான் மூன்று பேர் வேண்டியிருந்தது.

விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள், சரி. உங்கள் வீட்டுப் புது சோபாவின் பிளாஸ்டிக் உறையை எப்போது பிரிப்பதாக உத்தேசம்?