கண்ணாடி வீட்டுக்குக் குசினி கேட்ட அருள்மலர்

ஒரு வீட்டில் குசினி இருக்கவேண்டும் என்பது அருள்மலரின் தாழ்மையான அபிப்பிராயம். வாடகை வீட்டுக்காரியோடு ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்துச் சமைத்து அவளுக்கு மனசு வெறுத்துப் போயிருந்தது. ஆகவே, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த குன்றின் உச்சியில் கணவன் றிக்சன் காணி வாங்கியபோது, கதவைச் சாத்திவிட்டு மீன் பொரிக்க ஒரு குசினி மட்டுமே அவள் கேட்டாள்.

றிக்சனோ ஊரார் கட்டுவதைக் கட்டுகிற ஆள் இல்லை. கொழும்பிலிருந்து சஜீத் என்ற கட்டடக் கலைஞரைக் கூட்டிவந்தான். அவர் வரைந்த வீட்டில் நாலு பக்கமும் கண்ணாடி. மேலே தட்டையான கொங்கிறீட்.

"குசினி எங்க தம்பி?"

"சுவர் வைச்சு ஒண்டையும் பிரிக்கேல்லை அக்கா."

"அப்ப மீன் மணம் படுக்கைக்கு வராதோ?"

"நவீன வீட்டில மீன் பொரிக்கிறேல்லை அக்கா."

வீட்டுப் படம் அனுமதிக்காகக் கந்தோருக்குப் போனது. பெரிய அதிகாரி மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு பார்த்தார்.

"கண்ணாடியால கடற்படை முகாம் தெரியுது. ஏலாது. மற்றப் பக்கம் திருப்புங்கோ."

திருப்பினார்கள்.

"துறைமுகத்துக்கு முதுகைக் காட்டினால் கப்பலில வாற வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்? நிலத்துக்குக் கீழ இறக்குங்கோ."

இறக்கினார்கள்.

"தோண்டினால் பழைய காலத்துச் சாமான் ஏதும் வெளிப்படும். பிறகு அதுக்கொரு விசாரணை. தோண்டவும் ஏலாது."

றிக்சன் தலையில் கைவைத்தான். சஜீத்தின் முகமோ மலர்ந்தது. எளிமை எளிமை என்று அவர் படித்ததெல்லாம் இதற்குத்தானே! சுவரை அழித்தார், கூரையை அழித்தார், வெறும் தாளை நீட்டினார். அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். அவருடைய சேவைக்காலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத முதல் வீடு அதுதான். அனுமதி உடனேயே கிடைத்தது.

குன்றின் உச்சியில் திறப்பு விழா நடந்தது. பங்குச் சுவாமியார் பாறைக்குத் தீர்த்தம் தெளித்தார். வாசல் என்று சொல்லப்பட்ட இடத்தில் அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நல்ல காத்தோட்டம்" என்றார்.

"வெளிச்சத்துக்கும் குறைவில்லை" என்றது சனம். தங்களுக்கும் இப்படியொரு வீடு வேண்டுமென்று ஆளுக்காள் சஜீத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அருள்மலருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விழாவுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கல்லை அடுக்கி, சுள்ளி பொறுக்கி, கையோடு கொண்டுவந்திருந்த தாச்சியை வைத்துக் கீரி மீன் பொரிக்கத் தொடங்கினாள். மணம் கிளம்பியதும் கலைப்பேச்சு நின்றுபோனது. சூடு ஆறுமுன்னே தாச்சி வெறுமையானது. சஜீத் இரண்டாம் தரமும் கை நீட்டினார்.

"உங்கட கைக்கு ஒரு பட்டம் குடுக்கவேணும் தங்கச்சி" என்றார் அதிகாரி. வாயைத் துடைத்த பிறகுதான் அவருக்குக் கடமை ஞாபகம் வந்தது. "ஆனால் நாங்கள் அங்கீகரிச்ச வீட்டில குசினி இல்லை. இந்த அடுப்பு சட்டவிரோதக் கட்டடம். உடைக்கவேணும்."

அருள்மலர் சனத்தைப் பார்த்தாள்.

"ஓம் ஓம், வீட்டின்ர வடிவையெல்லோ கெடுக்குது!" என்றார்கள், விரலைச் சூப்பியபடியே. அதில் பெரிய சத்தம் றிக்சனுடையது.