முதலில் பேய், பிறகு சாவு

அடி அண்ணாமலை,
12.10.2003

சிரஞ்சீவி இளவரசனுக்கு, உன் தாய்மாமன் முருகையன் ஆசீர்வாதத்துடன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு தனம் டீச்சர் எழுதுவது. இங்கு நான், மாடு, உன் அம்மா சந்திரம்மாள் மூவரும் சௌக்கியம். அங்கு நீயும் உன் படமும் சௌக்கியமா?

உன் முதல் படம் வெளியான அன்று, டவுன் தியேட்டரில் நான் அதைப் பாதியில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். காபிகூடக் குடிக்காமல் காரேறிப் போய்விட்டாய். வரும் கார்த்திகை தீபத்துக்கு நீ வீட்டுக்கு வராவிட்டால் அண்ணன் என்ற உறவே வேண்டாம் என்று உன் அம்மா தனம் டீச்சரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நானும் அவளும் இருப்பது ஒரே வீட்டில்.

நடந்ததை நீ அறிய வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் பார்த்த படம் மறக்காது. டவுன் தியேட்டருக்கும் நம்ம ஊர் டெண்ட் கொட்டகைக்கும் ஒரே படப்பெட்டியாக இருந்த பதினாறு வருஷமும், அங்கே ஓடி முடிந்த ரீலை இங்கே சைக்கிளில் கொண்டுவந்தவன் நான். உன் படம் ஆரம்பித்ததும் ஒரு கதவு தானாகத் திறந்தது. அது ஜமீன் பங்களா பேய்ப்படத்துக் கதவு, கீல் சத்தம்கூட அதேதான். இந்தக் கதவை எனக்குத் தெரியும்னு சொன்னேன், உன் அம்மா தொடையில் கிள்ளினாள். அப்புறம் ஒத்தைக்கண் பூனை வந்தது. அது வேறொரு படத்துப் பூனை, அப்போ அதுக்கு ரெண்டு கண்ணும் இருந்தது. சரி, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். ஆனா கிணறு வந்ததும் என்னால முடியல. வெள்ளைப் புடவைக்காரி அரிக்கேன் விளக்கோட படியிறங்குறா, ஆந்தை மூணு தரம் கத்துது, விளக்கு அணையுது. அப்படியே அந்தக் கிணத்துப் பேய் படம். அதுவும் அரைமணி நேரம் பேயா ஊரைச் சுத்தி நாலு பேரைக் கொன்னவ, அதுக்கப்புறம் கிணத்துல விழுந்து சாகுறா. செத்தாத்தானே பேய்? ஆபரேட்டர் சகாதேவன் பழைய ரீலைக் கலந்து, அதையும் முன்னே பின்னே போட்டுட்டான், மருமகன் படம் கெட்டுடுமேன்னு பதறித்தான் மாடிக்கு ஓடினேன். சகாதேவா, ரீல் மாறிப்போச்சு, நிறுத்துடான்னு நான் கத்த, அவன் மிஷினை நிறுத்த, லைட் எரிய, ஜனம் இதுவும் படத்துல ஒரு கட்டம்னு நினைச்சுக் கை தட்டிச்சு. அப்போதுதான் நீ வந்தாய்.

“இன்னா மாமா, மானத்த வாங்கிட்டீங்களே. அது தப்பில்ல. பழைய படத்துக்கு நான் பண்ண மரியாத.”

“மரியாதன்னா மால போடுவாங்க. நீ கதவையும் பூனையையும் இல்ல எடுத்துனு வந்திருக்க?”

அவ்வளவுதான் பேசினேன்.

தனம் டீச்சர் எனக்கு விளக்கினார். சொல்லாமல் எடுத்தால் திருட்டு, சொல்லிவிட்டு எடுத்தால் மரியாதையாம். அப்போ பக்கத்துக் கொல்லை வேர்க்கடலையைச் சொல்லிவிட்டுப் பிடுங்கலாமா என்று கேட்டேன். எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்றார். ஆகையால் ஒத்துக்கொள்கிறேன். பேய் முதலில், சாவு பிறகு என்பதே சரி. நீ படித்தவன், எனக்கு ஒன்றும் தெரியாது. இனி உன் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன்.

அண்ணாமலையார் கிருபையால் படம் நூறு நாள் ஓடவும், நீ பல்லாண்டு இருக்கவும் ஆசீர்வதிக்கும்,
மாமன் முருகையன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கைநாட்டு வைத்த பிறகு, வாரப் பத்திரிகையில் வந்த உன் பேட்டியை டீச்சர் வாசித்தார். சாவுக்கு முன்னால் பேய் வருவது, நீ எட்டு வயதில் நம்ம ஊர்க் கொட்டகையில் ஒரே ஒரு தரம் பார்த்த கிணத்துப் பேய் படத்தில் இருந்த புதுமையாம். அதற்குச் செய்த மரியாதைதான் உன் படமாம். எனக்குத் தலை சுத்துது. டவுனில் அந்தப் படம் ஓடிய முப்பது நாளும் அவள் ஒழுங்காக முதலில்தான் செத்தாள். நீ பார்த்தது சித்ரா பௌர்ணமி அன்னைக்கு. மலை சுத்துற கூட்டத்துல சைக்கிள் நகரல. கடைசி மூணு ரீலையும் ஒண்ணாத் தூக்கிவந்து, அவசரத்துல கைக்கு வந்ததை முதல்ல குடுத்துட்டேன். ரீல் மேல நம்பர் போட்டிருக்கும், எனக்கா படிக்கத் தெரியும்? இப்போது நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதா, நீ எனக்கு மரியாதை செய்வதா, புரியவில்லை. தீபத்துக்கு வா, பேசிக்கலாம். அதுவரை பேட்டி எதுவும் கொடுக்காதே.