சில்யாவைப் படிக்க அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய்

குவோபியோ,
ஜூன், ஞாயிற்றுக்கிழமை, காப்பிக்குப் பிறகு.

அன்பும் பாசமும் முதுகுப்பிடிப்பும் கொண்ட தங்கை ரைலிக்கு,

அண்ணன் இல்போ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி ஹில்க்காவும் என் கழிவுநீர் லாரியும் சௌக்கியம். அங்கே நீயும், மகள் சில்யாவும், முடிந்தால் உன் முதுகும் அதேபோல் இருக்க வேண்டும்.

வேறு எதையும் எழுதும் முன் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எப்படியும் இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும். போன வாரம் ஹில்க்கா தன் டாக்டர் பட்டத்துக்காகப் பல்கலைக்கழக மண்டபத்தில் நின்று வாதாடினாள் அல்லவா, அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து எவனோ ஒருவன் எழுந்து கேள்வி கேட்டு மண்டபத்தையே உறைய வைத்தான் என்று. அந்த எவனோ நான்தான். கேட்டது உனக்காக. ஆகவே பழியில் பாதி உன்னுடையது.

நீதானே எழுதியிருந்தாய், சில்யாவுக்குத் துர்க்குவில் தொல்லியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, அதே வாரத்தில் ஜன்னல் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், நம் குடும்பத்திலேயே படித்தவளோடு குடித்தனம் நடத்துகிறவன் நீ ஒருவன்தான், படித்தது பிரயோஜனமா இல்லையா என்று ஒரே வரியில் எழுது, நீ சொல்கிறபடி செய்கிறோம் என்று. ரைலி, நீயும் சவோக்காரிதானே. சவோ மண்ணில் பிறந்த ஒருவனிடம் ஒரே வரியில் பதில் கேட்கலாமா? வெளியே மழையா என்று கேட்டாலே, பெய்கிற மாதிரிதான் தெரிகிறது, நின்றாலும் நிற்கும் என்று சொல்லித்தானே அப்பா நம்மை வளர்த்தார். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய் என்பதால்தான் கடிதம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லாமல் முடிந்துபோனது உனக்குத் தெரியும். அதனால் எனக்கு இதில் சொந்த அபிப்பிராயம் கிடையாது, ஹில்க்காவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அவளைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் நல்ல வேலையில் இருந்தவள், திடீரென்று ஒருநாள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்றாள். போ என்றேன், சாயங்காலம் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு. பல வருஷம் ஆயிற்று. என்ன ஆராய்ச்சி என்றால் ஏரியின் அடியில் இருக்கிற சேறு. வீடு வீடாகப் போய்த் தொட்டியிலிருந்து சேறு உறிஞ்சுகிற எனக்கு ஊரில் யாரும் மாலை போடவில்லை, அவளுக்கு அதே சேற்றுக்கு டாக்டர் பட்டத்தோடு தொப்பியும் வாளும் தருகிறார்கள். சரி, அவளுடைய சேறு கொஞ்சம் வாசனை குறைவு, ஒத்துக்கொள்கிறேன். பட்டம் வரப்போகிற நேரத்தில் ஆராய்ச்சிக்குக் கொடுத்த சம்பளம் நின்றுவிட்டது, பழைய பால் பண்ணையில் கேட்டால் இவ்வளவு படித்தவர்களை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். அப்படியானால் படித்தது நஷ்டம் என்று எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

எடுத்ததும் அந்த மார்ச் மாதம் ஞாபகம் வந்து தொலைத்தது. ஏரி உறைந்து கிடந்தது, பனியில் துளை போட ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிப்போனாள். நான் மீன்பிடிக்கிற துளையென்று நினைத்துத் தூண்டிலும் கொண்டுபோனேன். அவள் ஒரு குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே உறைய வைத்து மேலே தூக்கினாள். பார்த்தால் கேக்கை வெட்டி வைத்த மாதிரி வரி வரியாக இருந்தது. வெளிர் வரி வசந்தம், கறுப்பு வரி குளிர்காலம், இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம் என்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் எண்ணிக்கொண்டே கீழே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இது நம்ம கல்யாணம்," என்றாள். குனிந்து பார்த்தேன். ஒரு நூல் கனம்தான் இருந்தது. அவ்வளவுதானா என்று கேட்டேன். "அந்த வருஷம் மழை கம்மி," என்றாள். அன்றைக்கு அவள் முகம் இருந்த மாதிரி, பால் பண்ணையில் வேலை பார்த்த காலத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அதற்கப்புறம் நானும் வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறேன், அங்கே வரி ஒன்றும் தெரியவில்லை. ஆகவே பேனாவைக் கீழே வைத்தேன்.

இப்படி எடுப்பதும் வைப்பதுமாக இருந்தபோதுதான் அந்த மண்டபத்து நாள் வந்தது. நீ முதுகோடு படுத்திருந்ததால் பார்க்கவில்லை, சொல்கிறேன். ஒரு பக்கம் ஹில்க்கா, எதிர்ப்பக்கம் ஹெல்சிங்கியிலிருந்து வரவழைத்த பேராசிரியர் லாகர்ஸ்தாம். அவருக்கு எதிர்வாதி என்றே பெயர், குறை கண்டுபிடிப்பதுதான் அன்றைக்கு அவர் வேலை. நடுவில் சபையை நடத்துகிற பேராசிரியை பில்க்கோ அம்மாள். அந்த மனிதர் என் பெண்டாட்டியைப் பக்கம் பக்கமாகக் கிளறினார், அவள் அசரவில்லை. எனக்குப் புரிந்தது சேறு என்கிற சொல் மட்டும், அது வரும்போதெல்லாம் தலையாட்டினேன். கடைசியில் ஹில்க்கா சபையைப் பார்த்துத் திரும்பி, என் ஆய்வைக் குறித்து இந்த மதிப்புக்குரிய அவையில் எவருக்கேனும் சொல்ல ஏதேனும் இருந்தால் தலைவரிடம் அனுமதி பெற்று எழும்படி கேட்டுக்கொள்கிறேன் என்றாள். எல்லோரும் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள்.

நம் ஊர் விசேஷங்களில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். காப்பி தயார் என்று வீட்டுக்காரி சொல்வாள், ஒரு பிராணி எழுந்திருக்காது, முதலில் போனால் பறக்காவெட்டி என்பார்களே என்று சுவரோடு சுவராக நிற்போம், வீட்டுக்காரி முகம் வாடும், காப்பி ஆறும். அப்போதெல்லாம் முதல் கோப்பையை எடுக்கிறவன் யார்? நான்தான். மற்றவர்கள் எனக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு பின்னால் வருவார்கள். இங்கேயும் அதே மௌனம், அதே முகங்கள், நடுவில் என் பெண்டாட்டி கூப்பிட்டுவிட்டு நிற்கிறாள், ஒருவரும் அசையக் காணோம். எனக்கு மனசு பொறுக்கவில்லை. போதாததற்கு உன் கடிதம் கோட்டுப் பையில் இருந்தது. எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் யாரும் எழவில்லை. அங்கே அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயமாம், யாரும் எழக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியுமாம்.

பில்க்கோ அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பேசலாம் என்றார். எழுந்தாயிற்று, இனி உட்கார்ந்தாலும் அசிங்கம்.

"மதிப்புக்குரிய ஹில்க்கா," என்றேன். "என் தங்கச்சி மக அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். நீ படிச்சது பிரயோஜனமா இருந்துச்சா, இல்லையா?"

ஹில்க்காவுக்குக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. எதிர்வாதி பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதாமே, எழுந்து கேட்டுவிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டுமாம். அவள் தண்ணீர் குடித்தாள், மறுபடியும் குடித்தாள், பிறகு அந்தச் சபை மொழியை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னாள்.

"எனக்குத் தெரியல இல்போ. ஒரு ஏரி கெட்டுப்போச்சா இல்லையான்னு சொல்லணும்னா, பக்கத்துல யாரும் தொடாத இன்னொரு ஏரி வேணும், ரெண்டையும் வச்சுப் பாக்கணும். படிக்கப் போகாத ஹில்க்கான்னு ஒருத்தி எங்கயாவது இருந்தா அவளக் கூட்டிட்டு வா. எங்கிட்ட ஒரு ஏரிதான் இருக்கு."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். நான் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் என்னைக் கோட்டு மாட்டுகிற இடத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போனாள். "இத்தன வருஷமா எதுக்க உக்காந்து சாப்டியே, அப்பக் கேக்க வேண்டியதுதானே?" என்றாள். கேட்டால் உப்பை எடு என்றுதானே சொல்லியிருப்பாய் என்றேன். கொஞ்சம் யோசித்து, ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றாள்.

தொல்லை அதோடு விடவில்லை. சபையில் எழுந்து கேட்டவன் எவனாயிருந்தாலும் அவனும் எதிர்வாதிக் கணக்கில் சேர்த்தி, சாயங்கால விருந்தில் அவனைத் தலைமேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று பழைய வழக்கமாம். ஹில்க்காவின் புருஷனாக அவள் தம்பி தங்கைகளோடு மூலையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டியவன், அவளுக்கு எதிராளியாக லாகர்ஸ்தாமுக்கும் பில்க்கோ அம்மாளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அவர் வால் வைத்த கோட்டில் இருந்தார், நான் இழவு வீட்டுக்குப் போடுகிற சூட்டில் இருந்தேன், தூரத்திலிருந்து பார்த்தால் யாராவது ஒருவர் பரிமாற வந்தவர் என்று தோன்றியிருக்கும். சரி, வந்த இடத்தில் உன் வேலையையாவது முடிப்போம், இவர்களைவிடப் படித்தவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று, மீன் வந்ததும் லாகர்ஸ்தாமிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

மனிதர் கோபப்படவில்லை. மீனிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "ஒவ்வொரு வசந்தத்துலயும் இல்லைன்னுதான் முடிவு பண்றேன்," என்றார். "செப்டம்பர்ல புதுப் பிள்ளைங்க பையத் தூக்கிட்டு உள்ள வரும், அதுகளப் பாத்ததும் ஆமான்னு தோணிடுது. முப்பது வருஷமா இப்படித்தான்."

வெள்ளிக்கிழமை ஜூனில் வருகிறதே, ஜூனில் என்ன தோன்றும் என்று கேட்டேன். ஜூனில் மீன்பிடிக்கப் போய்விடுவேன் என்றார்.

பில்க்கோ அம்மாள் பக்கம் திரும்பினேன். அது என் துறை அல்ல என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "நீங்க படிக்காம இருந்தீங்களே, அது பிரயோஜனமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

ரைலி, கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லித்தானே பழக்கம், அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். லாரியை நினைத்தேன், நல்ல லாரிதான். காலையில் சூரியன் வரும்போது ஏரிக்கரைச் சாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு போவதை நினைத்தேன். மழைக்காலத்தில் முழங்கால் வலிப்பதை நினைத்தேன். மண்டபத்தில் எதிர்வாதியோடு ஹில்க்கா பேசியதில் ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது என்பதையும் நினைத்தேன். கடைசியில், இருந்த மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு என்றேன். அவர் ஹில்க்கா சொன்னதையும் இதையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டவர் மாதிரி தலையாட்டினார். எதிர்வாதிகள் எல்லோரும் எழுந்து பேச வேண்டும் என்றார்கள். நானும் எழுந்து மீன் நன்றாக இருந்தது என்று சொல்லி உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். லாகர்ஸ்தாமுக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது, ஹில்க்கா இல்லை என்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். படித்தவர்களுக்கும் தெரியவில்லை, படிக்காதவனுக்கும் தெரியவில்லை, இதில் சில்யாவுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் எப்படித் தெரியும்? இரண்டில் எதைச் செய்தாலும் நாளைக்கு இன்னொன்று நன்றாயிருந்திருக்குமோ என்று ஒரு வசந்தத்தில் தோன்றத்தான் போகிறது. ஜன்னல் தொழிற்சாலை எங்கேயும் ஓடிவிடாது, குளிர் இருக்கிறவரை இந்த நாட்டில் ஜன்னல் விற்கும். ஆனால் நீயே யோசித்துப் பார். உன் உருளைக்கிழங்குப் பாத்தியில் பழைய ஆணி ஒன்றைத் தோண்டி எடுத்து, அதைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்த பிள்ளை அது. மார்ச் மாதத்தில் ஏரி நடுவில் நான் பார்த்த அந்த முகம் ஒருநாள் இவளுக்கும் வந்தால் வரட்டும், வராவிட்டால் என் லாரியில் இன்னொரு இருக்கை இருக்கிறது. ஆகவே நீ கேட்டபடி ஒரே வரியில் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள், என்னிடமிருந்து இன்னொரு தடவை கிடைக்காது: சில்யா துர்க்குவுக்குப் போகட்டும்.

உன் முதுகு நேராகட்டும், உருளைக்கிழங்குக்கு வேண்டிய மழை இரவில் பெய்து காலையில் நிற்கட்டும், பிள்ளைக்கு நல்ல அறையும் நல்ல சிநேகிதிகளும் வாய்க்கட்டும். ஹில்க்கா உன்னை மிகவும் விசாரித்தாள். இதைப் படித்துப் பார்த்துவிட்டு, நான் சபையில் சிவக்கவில்லை, மண்டபத்தில் புழுக்கம் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
என்றும் உன் அண்ணன்,
இல்போ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சில்யாவே போன் செய்தாள். அம்மா கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள், எனக்குப் பொறுமை இல்லை, இப்போதே சொல் மாமா என்றாள். போ என்றேன். நம் வீட்டில் ஒருவர் ஒரு சொல்லில் பதில் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம், அந்தச் சந்தோஷத்தில் போனைக் காதில் வைத்தபடியே கணினியில் இடத்தை ஏற்றுக்கொண்டாள். ஜனவரியில் ஒரு சிநேகிதிக்குத் துணையாக வேறொரு படிப்புக்கும் மனுப் போட்டிருந்தாளாம், அதுவும் கிடைத்திருந்ததாம், துர்க்குவுக்கு அடுத்த வரியில் இருந்ததாம். விரல் அதில் பட்டுவிட்டது. உறுதியா என்று கேட்டதாம், மாமா சொன்னபடி உறுதி என்று அழுத்தினாளாம். ஏற்றுக்கொண்டதை மாற்ற முடியாது என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறதாம். உன்னிடம் என்னைச் சொல்லச் சொன்னாள். அது செவிலியர் படிப்பு, ஆங்கிலத்தில் சொல்லித்தருகிறார்கள், வடக்கே கெமியில். ஆகஸ்டில் தொடக்கம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னத் தொடங்கு.