மியூட் அண்ணனும் மாணிக்கத்தின் சேலையும்

டீவியில் செய்தி விமர்சனத்தைச் சத்தமே இல்லாமல் பார்த்து, அதற்குச் சத்தம் போட்டுப் பதில் சொன்ன ஒரே பிறவி இந்தப் பூலோகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஊரான அக்கரப்பத்தனையின் மியூட் அண்ணன்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். பஸார் முனையில் சலூன் வைத்திருந்தார். ஒரு கையில் கத்தரி, மறு கையில் ரிமோட். விமர்சகர் வாயைத் திறந்ததும் சத்தத்தை அமத்திவிட்டு, "அவன் என்னா சொல்லப் போறான்னு எனக்குத் தெரியாதா?" என்று தானே பேச ஆரம்பித்துவிடுவார்.

பிற்பகலானால் பனிமூட்டம் யாரையும் கேட்காமல் சலூனுக்குள் வந்துவிடும். கண்ணாடி வெளுத்துப்போகும். டீவி மட்டும் நீலமாக அந்தரத்தில் மிதக்கும், அதற்குள்ளே வாய் மட்டும் அசையும் மனிதர்கள். கத்தரிச் சத்தமும் அண்ணன் குரலும் எங்கிருந்தோ வரும். நாற்காலியில் இருப்பவனுக்குக் கனவா நனவா என்றே பிடிபடாது. தலையில் என்ன நடக்கிறது என்பதோ சுத்தமாகத் தெரியாது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நானும் மாதா மாதம் அங்கேதான் தலையைக் கொடுப்பேன். நடுநிலை என்பதை அண்ணன் கெட்ட வார்த்தையாகவே நினைத்தார். தோட்டங்களில் தொழிற்சங்கம்தான் கட்சி; அவருடைய சங்கம் செய்தால் சரி, எதிர்ச் சங்கம் செய்தால் பிழை. அந்த எதிர்ச் சங்கத்தின் தோட்டத் தலைவர் மாணிக்கம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் சில்லறைக் கடை வைத்திருந்தார். மண் சரிந்தாலும் மாவு விலை ஏறினாலும் மாணிக்கம்தான் காரணம்.

"கிரிக்கெட்ல தோத்ததுக்குமா அண்ணே?"

"பின்ன? டாஸ் போடுற நேரம் அவன் டீவி பாத்துக்கிட்டு இருந்திருக்கான் சேர்!"

அந்த ஆத்திரத்தில் என் மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாசி மாதக் காமன் கூத்தில் இந்த இரண்டு பேரும்தான் புருஷன் பெண்டாட்டி. தொந்தியும் கரும்பு வில்லுமாக அண்ணன் மன்மதன். சேலை கட்டிய மாணிக்கம் ரதி. காப்புக் கட்டிவிட்டால் இருவரும் எங்களுக்குச் சாமி, காலில் விழுந்து கும்பிடுவோம். சிவன் மன்மதனை எரித்ததும் ரதி அழுவாள் பாருங்கள், துரை பங்களா நாய்கூடச் சேர்ந்து ஊளையிடும். வருஷத்தின் மிச்ச நாளெல்லாம் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு தை மாதம், வரப்போகிற பிரதேச சபைத் தேர்தலுக்கு மாணிக்கம் நின்றார். சலூனில் இருந்த அண்ணனின் கட்சிப் பையன்கள், "சவுண்டு வைங்கண்ணே, மாணிக்கத்தக் கிழிக்கிறாங்க!" என்று கத்தினார்கள். அண்ணனும் ஆசையாகச் சத்தத்தை வைத்தார். கொழும்பில் டை கட்டி உட்கார்ந்திருந்த ஒரு விமர்சகர், போன வருஷக் கூத்தில் ரதி அழும் காட்சியைக் காட்டி, "சேலை கட்டி மாரடித்து அழுகிற இந்தக் கூத்தாடியா சபையில் போய்ப் பேசப்போகிறார்? தோட்டத்து ஆட்களுக்கு இதுதான் கலாசாரமா?" என்று சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. சத்தத்தை அமத்தவும் மறந்து கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் மாணிக்கம் கோயிலுக்குப் போய், இனிச் சேலையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரதி இல்லாமல் கூத்து ஏது? கோயில் கமிட்டி கையைப் பிசைந்தது.

அண்ணன் தன் போனை என்னிடம் நீட்டினார். "சேர், லைவ் போடுங்க."

சலூன் வாசலில், பனிக்குள் நின்று பேசினார். "டை கட்டுன தம்பி! மாணிக்கம் ரோட்டும் போட மாட்டான், தண்ணியும் தர மாட்டான், பேச ஆரம்பிச்சா நிறுத்தவும் மாட்டான். அதையெல்லாம் நீங்களும் பேசுங்க, நானும் பேசுறேன். அவனத் தோக்கடிக்கத்தான் போறேன். ஆனா ரதி எங்க சாமி. அந்தச் சேலையப் பாத்துச் சிரிச்சா எங்க சனத்தையே பாத்துச் சிரிச்ச மாதிரி. எல்லாத்துக்கும் மேல, அது என் பொண்டாட்டிய்யா!"

பையன்கள் கொதித்துப்போனார்கள். "அந்தாளு நம்ம கட்சிக்குச் சாதகமாத்தானேண்ணே பேசினாரு?"

"கட்சி நம்மளது. கூத்து மட்டும் அடுத்தவனுதாடா?"

அதோடு பாதிப் பேர் சலூன் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் அதைக் கண்டுகொள்ளாமல், மாசியில் காப்புக்கு முதல் நாள் ரோட்டைக் கடந்து, வாழ்நாளில் முதல் தடவையாக மாணிக்கத்தின் கடைக்குள் ஏறினார்.

"நாளைக்குக் காப்பு. வந்துரு."

"எனக்கு ஓட்டுப் போடுவியா?"

"செத்தாலும் போட மாட்டேன். நீ சேலையக் கட்டு."

மாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

அந்த மாசியில், பொழுது விடியும் நேரம், பனிக்குள்ளே தப்பு மேளச் சத்தம் நின்றது. எரிந்துபோன மன்மதன் மண்ணில் கிடந்தார். ரதி அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கூத்துப் பாட்டிலேயே இல்லாத ஒரு வரியை இழுத்தாள். "ஊரே சிரிச்சப்ப எனக்காகப் பேசுன வாயி, மண்ணோட மண்ணா மூடிக் கெடக்குதே..." செத்துக் கிடந்த மன்மதனின் கண்ணோரத்தில் பூச்சு கரைந்து ஓடியது. சலூனுக்கு வராத பையன்கள்கூடக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று விம்மினார்கள். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

உயிர் வந்து எழும்பியதும் மன்மதன் ரதியின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. "நல்லா அழுத. ஆனா ஓட்டு இல்ல."

மாற்றலாகி வந்து இப்போது கண்டியில் முடி வெட்டிக்கொள்கிறேன். இங்கே யாரும் எந்தக் கட்சியும் பேசுவதில்லை. மீசை இரண்டு பக்கமும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.