கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு கல்

எதையும் நன்றாக விசாரித்து வாங்குகிற ஆளை நம் ஊரில் விவரமானவர் என்கிறார்கள். எனக்கும் அந்தப் பட்டம் இருந்தது. நானும் அதை நம்பித் தொலைத்தேன். இன்றைக்கு யாராவது என்னை விவரமானவர் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறேன். விசாரிப்பதற்கு ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டியவன் விவரமானவன் அல்ல, வாங்க வக்கில்லாதவன் (என் மனைவி செல்வி இதைவிடப் பொருத்தமான சொல் வைத்திருக்கிறாள். அது பின்னால் வரும்).

நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

மதுரை ஆனையூரில் வீடு, பகலில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை, மிச்ச நேரமெல்லாம் ஊர் வரலாறு. எந்தக் கண்மாய்க்கு யார் கரை போட்டார்கள், எந்தத் தெருவுக்கு எப்போது பெயர் மாறியது என்று தேடித் தேடி எழுதி வைப்பேன். தேதியைத் தவறாகச் சொல்கிறவர்களோடு பேச்சையே குறைத்துக்கொள்வேன் (அதனால் சிநேகிதர்களும் குறைவு).

அந்த வருடம் சித்திரையில் மாமனார் ஊருக்குப் போயிருந்தபோது அவர் என்னை அங்கிருந்த கருப்பசாமி கோயிலுக்குப் பின்னால் அழைத்துப் போனார். பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர் அது. எருக்கஞ்செடிகளுக்குள் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. முகம் முழுக்க எழுத்து. மேல்வரிகள் தேய்ந்து போயிருந்தன. கடைசி வரியின் தொடக்கத்தில் ‘மடை’ என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்தாற்போல ஒரு பெயர். விரலால் தடவினால் எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன எழுத்து என்பது பிடிபடவில்லை.

அந்த ஊர்க் கண்மாயின் மடையைக் கட்டியவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயர் அங்கே, என் விரலுக்கு அடியில் இருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் நல்ல கேமராவால் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தால் படித்துவிடலாம். என்னிடம் இருந்த போனோ ஒரு தடவை பேருந்து நிலையத்தில் விழுந்து கேமராக் கண்ணாடி கீறிப் போனது. அதில் எதை எடுத்தாலும் சாம்பிராணிப் புகைக்குள் நிற்பதுபோல வரும்.

“மாப்ள, கோயில எடுத்துக் கட்டப்போறோம். கமிட்டி போட்டாச்சு, நானும் அதுல இருக்கேன். அதுக்குள்ள வந்து எம்புட்டுப் படம் வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்றார் மாமனார்.

“எப்ப மாமா வேலைய ஆரம்பிக்கிறீங்க?”

“ஆடி போகட்டும். ஆடில யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா?”

சித்திரையிலிருந்து ஆடி முடிய எவ்வளவு காலம் இருக்கிறது. ஒரு போன் வாங்க அது போதாதா. போதும், மனிதனாக இருந்தால்.

இரண்டு போன்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். ஒன்றையொன்று ஒழித்துக்கட்டத் துடித்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளின் போன்கள். கறுப்பில் மங்கல் வெளிச்சத்தில் படம் நன்றாக விழும். நீலத்தில் கிட்டப் போய் எடுத்தால் துல்லியம். கறுப்பு கனம். நீலம் வெயிலில் சூடாகும் என்றார்கள். பேரையூர் வெயிலில் மனிதனே சூடாகிறான், போன் என்ன செய்யும்.

இந்த இடத்தில் போன்களைப் பற்றி வீடியோ போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும். ஒரு டப்பாவைப் பிரிப்பதைப் பிரசவம் பார்ப்பதுபோலக் காட்டுகிறார்கள். கறுப்புதான் என்று சத்தியம் செய்தவன் அடுத்த வாரம் நீலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே முகத்தோடு அதே சத்தியத்தைச் செய்கிறான். எல்லாரும் கடைசியில் ‘உங்கள் தேவையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்’ என்று முடிக்கிறார்கள். அட பாவிகளா, அது தெரியாமல்தானே உங்களிடம் வந்தேன். சோறு ஆறும்வரை பார்த்தேன், பார்த்தது போதாமல் கீழே சண்டை போட்டுக்கொள்கிறவர்களின் கருத்துகளையும் படித்தேன்.

செல்வி முதலிலேயே சொன்னாள். “ஏங்க, எம் போனக் கொண்டுபோயி எடுத்துட்டு வந்துருங்க. ஒரு கல்லுக்கு எதுக்கு இம்புட்டு யோசன?”

“உன் போன்ல எடுத்தா எழுத்து எழுத்தா வராது.”

“எம் மூஞ்சி மட்டும் மூஞ்சியாத்தான வருது?”

இதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அவள் போனை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுகிற அளவுக்குப் புத்திசாலியாகவும் இல்லை.

கோரிப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவரின் போன் கடை இருந்தது. அங்கே ஒரு நாள் மஞ்சப்பையோடு போனேன். இரண்டு போன்களையும் காட்டச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து எங்கள் வீட்டு அம்மிக் குழவியை எடுத்து வெளியே வைத்தேன். கல்லின் சொரசொரப்பு எதில் நன்றாக விழுகிறது என்று பார்க்க வேண்டாமா.

“அண்ணே, கண்ணாடி மேல வைக்காதீங்க” என்று பதறிப்போய்க் குழவியைக் கையில் வாங்கிக்கொண்டார் பாய். சின்னக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கறுப்பால் இரண்டு பக்கமும் எடுத்தேன். பிறகு நீலத்தால். கடைக்கு வந்திருந்த கூட்டம் வாங்க வந்ததை மறந்துவிட்டு எங்களையே பார்த்தது.

“வர்றவுக எல்லாம் செல்பி எடுத்துப் பாப்பாக. கொழவிய எடுத்துப் பாக்குற மொத ஆளு நீங்கதேன்” என்றார் பாய். “சரி, எதுண்ணே?”

“கறுப்பு நல்லாருக்கு பாய். ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”

டீ குடித்துவிட்டு வந்து, “நீலமும் மோசமில்ல” என்றேன்.

“டீல என்னண்ணே போட்டாங்க?” என்று கேட்டார் அவர். குழவியைப் பையில் போட்டு, பையை என் தோளில் மாட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். மரியாதையாகத்தான் அனுப்பினார். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆனி பிறந்தது. செல்விக்குப் பொறுமை போய்விட்டது. “பூப்போட்டுப் பாத்துருவோம்” என்றாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் எடுப்பது, நிலம் வாங்குவது, வழக்குப் போடுவது எல்லாவற்றுக்கும் அதுதான் தீர்ப்பு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். யாராவது ஒருவர் முடிவெடுத்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். செல்வியின் தம்பி பாண்டியும் கூட வந்தான். அப்போது அவன் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று. செல்வி கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

மூவருக்கும் மனம் நிறைந்துவிட்டது. தேங்காய்கூட உடைத்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாண்டி சொன்னான்:

“அப்ப நீலந்தேன்னு ஆயிருச்சு, மாமா.”

“கறுப்புடா” என்றாள் செல்வி.

“செவப்புன்னா நீலந்தானக்கா?”

“யாருடா சொன்னா? நான் கும்புடும்போது செவப்புக்குக் கறுப்புன்னுல்ல நெனச்சுக் கும்புட்டேன்.”

“வெள்ளைக்கு எதிரு கறுப்பு. அப்ப வெள்ளப் பூவுக்குக் கறுப்பு போனு. மிச்சம் என்ன இருக்கு? நீலந்தேன்.”

“எதிரா இருந்தா எப்பிடிடா அதுவே ஆகும், கூறுகெட்டவனே?”

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊரில் உள்ள மடை, மண்டபம், சாவடிக்கெல்லாம் குறிப்பு எழுதி வைக்கிறவன் நான். எந்தப் பூவுக்கு எந்தப் போன் என்று நான் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. பிள்ளையார் தெளிவாகத்தான் சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

மறுபடியும் போட்டுப் பார்க்கலாம் என்றேன். ஒரே கேள்வியைச் சாமியிடம் இரண்டு தடவை கேட்கக் கூடாதாம். அக்காவும் தம்பியும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

பிறகு ஆடி வந்துவிட்டது. ஆடி என்றால் தள்ளுபடி. இத்தனை நாள் பொறுத்தவன் தள்ளுபடிக்கு முன்னால் வாங்குவேனா. எந்தக் கடை எதற்குக் குறைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மாமனார் கூப்பிட்டார்.

“மாப்ள, அந்தக் கல்ல…”

“மாமா, இன்னும் நாலு நாளு. நீலத்துக்கும் தள்ளுபடி வருதுங்கிறாங்க. வந்துட்டா ரெண்டுல ஒண்ண முடிச்சிருவேன்.”

“அது சரி மாப்ள, கல்ல என்னன்னா…”

“கல்லு எங்க மாமா போகப்போகுது? ஆடி போகட்டும்னு நீங்கதான சொன்னீங்க. கறுப்புல கொஞ்சம் கனம் ஜாஸ்தி, அதான் யோசிக்கிறேன்.”

“சரி மாப்ள, பாத்து வாங்குங்க” என்று வைத்துவிட்டார். மருமகனிடம் இதற்கு மேல் பேச அவருக்குத் தெரியாது. எனக்கு அவர் மேல் இதிலும் கோபம் உண்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘மூடிட்டுக் கேளுடா’ என்று சொல்லியிருக்கலாம்.

ஆடி முடிகிற சமயத்தில் பாய் கடைக்குப் போனேன். நீலம் தீர்ந்துவிட்டது, இனி வராது என்றார். கறுப்பில் ஒன்றே ஒன்று இருந்தது. வாங்கினேன். இத்தனை மாதம் நான் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்குக் கடைசியில் அந்தக் கடையின் அலமாரிதான் பதில் சொன்னது.

மறுநாளே பேரையூருக்குப் பேருந்து ஏறினேன். வெயில் சாய்கிற நேரம் பார்த்து மாமனாரோடு கோயிலுக்குப் போனேன். பின்னால் போய்ப் பார்த்தேன். எருக்கஞ்செடி இருந்தது, கல் இல்லை.

“அங்க என்ன தேடுறீங்க, இங்க வாங்க” என்று மாமனார் முன்பக்கம் அழைத்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கல் வாசலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நடப்பட்டிருந்தது. முகம் முழுவதும் மிஷினால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். அதில் புதிதாக எழுத்து வெட்டிக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். ‘திருப்பணி உபயம்’ என்று தலைப்பு. கீழே கமிட்டிக்காரர்கள், அவர்களுடைய தகப்பன்மார்கள், கோயிலுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தவர். ஆவணி மாதம் என்று வெட்டி, அதற்குப் பக்கத்திலேயே ஜூலை என்றும் வெட்டியிருந்தார்கள். ஜூலையில் எங்கேயடா ஆவணி வருகிறது.

“ஆடில வேல ஆரம்பிக்க மாட்டோம்னீங்களே, மாமா” என்றேன்.

“வேலைய எங்க ஆரம்பிச்சோம்? கல்லு கொத்துறது வேலையா? அது ஏற்பாடு.”

“அதுல பழைய எழுத்து இருந்துச்சே.”

“இருந்துச்சு மாப்ள. அதத் தேய்க்கத்தேன் மிஷினு ரொம்ப நேரம் ஓடுச்சு. நல்ல கெட்டியான எழுத்து.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “அன்னைக்கு அதுக்குத்தேன் போன் போட்டேன். நீங்க கறுப்பு, நீலம்னுட்டீங்க. சரி, ஒங்களுக்கு இது வேணாம்போலன்னு நெனச்சேன்” என்றார். உடனே முகம் மலர்ந்துவிட்டது. “கீழ பாருங்க. ஒங்க பேரும் போடச் சொன்னேன்.”

குனிந்து பார்த்தேன். கடைசி வரியில் ‘வரலாற்று ஆய்வாளர் தங்கவேல், மதுரை’ என்று என் பெயர். அந்த மூலையில் மட்டும் கல் கொஞ்சம் பள்ளமாக இருந்ததால் மிஷின் படாமல் ஒரு பழைய சொல் தப்பித்திருந்தது. ‘மடை’. அதற்கு அடுத்தாற்போல, அந்த மனிதனின் பெயர் இருந்த அதே இடத்தில், நான்.

புதுப் போனை எடுத்துப் படம் பிடித்தேன். வேறு என்ன செய்வது. அபாரமான கேமரா. தேய்த்த மிஷினின் வட்ட வட்டக் கீறல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

தையில் கும்பாபிஷேகத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. செல்வி கல்லுக்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“மடைன்னு ஆரம்பிச்சவுக ஏன்டா பாதியிலயே நிறுத்திட்டாக?”

“யன்னு போட அங்க எடம் பத்தலக்கா” என்றான் பாண்டி.

பந்தலே சிரித்தது. மாமனார்கூட மரியாதைக்காகத் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து செல்வியின் பக்கத்துச் சொந்தத்தில் எனக்குத் தங்கவேல் என்ற பெயர் கிடையாது. மருமகன் என்ற மரியாதைக்காகக் கடைசியில் ஒரு ‘ர்’ மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, “மடையர் இருக்காரா?” என்று கேட்கிறார்கள். இது போதாதென்று, கண்மாய் மடையைக் கட்டியவர் யார் என்று அந்த ஊரில் யாராவது கேட்டால் கல்லைக் காட்டி என்னைச் சொல்கிறார்கள். இல்லை, இல்லை என்று நான் மறுத்தால் தன்னடக்கம் என்கிறார்கள். அந்த மனிதன் யார் என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இதை நினைக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கறுப்பு போன் போன வருடம் உயிரை விட்டது. புதிதாக ஒன்று பார்க்க வேண்டும் என்று சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். செல்வி கையைக் கழுவினாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், சாயங்காலம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“எந்தக் கம்பெனி?” என்று கேட்டேன்.

“மடையருக்கு எந்தக் கம்பெனியா இருந்தா என்ன?” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.