பேரவை செய்த திரைத் திருப்பணி

இருளை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் உலகில் பலர் உண்டு. தாங்களே உண்டாக்கிய இருளை, அடுத்தவர் வீட்டு டீயைக் குடித்தபடி எதிர்த்துப் போரிட்டவர்கள் 'கே.கே. நகர் கட்டற்ற கணினிப் பேரவை'யினர் மட்டுமே. 2007இல் அந்தப் போர் என் வீட்டுக் கூடத்தில் நடந்தது என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

பேரவைத் தலைவர் கார்த்திகேஷ், என் மனைவி ஹம்சவேணியின் தம்பி. அவள் போய் ஓர் ஆண்டு முடியவிருந்தது. திதிக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். மதுரையில் ஃப்ளெக்ஸ் வைக்காதவரை யாரும் முறையாக இறந்தவராக மாட்டார்கள்.

ஹம்சவேணி கேமராவைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்பவள். கல்யாண ஆல்பத்தில்கூட வகிடுதான் தெரியும். அவள் நிமிர்ந்து சிரித்த படம் ஒன்றே ஒன்று. அது, பேரவை இலவச லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருந்த என் கணினியில் மட்டும் இருந்தது.

"மொதல்ல லினக்ஸை அப்கிரேடு பண்ணிருவோம் அத்தான். பழைய வெர்ஷன்ல அக்கா படத்தைத் திறக்குறது அக்காவுக்கு மரியாதையா?" என்றான் கார்த்திகேஷ்.

அக்காவுக்கு மரியாதை செய்யப்பட்டது. திரை கறுத்தது.

பேரவை அவசரமாகக் கூடியது. செயலாளர் முத்துக்குமரன் எழுமலையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். திரையை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளை மாற்றினார்கள், கோடுகள் வந்தன. ஏதோ ஒரு ஃபைலில் ஏதோ ஒரு வரியைத் திருத்தினார்கள்; நிறங்கள் வந்தன, பச்சை மட்டும் பாதிதான் வந்தது. ஹம்சவேணி கத்தரிப்பூ நிறத்தில் சிரித்தாள்.

"டிரைவர்ல கோளாறு இருக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். பேரவை புண்பட்டது.

"உலகமே சேந்து எழுதுன டிரைவர்ண்ணே. உலகம் தப்புப் பண்ணுமா?" என்றார் முத்துக்குமரன். "சரி, போட்டோ எடுத்தது யாரு?"

"நான்தான்."

"அதான பாத்தேன்."

படமே குற்றவாளி என்ற 'தீர்மானம்' ஒருமனதாக நிறைவேறியது. திரையை விட்டுவிட்டுப் படத்தைத் திருத்த உட்கார்ந்தார்கள்.

"பச்சையைக் கூட்டு மாப்ள. இன்னும், இன்னும்… அம்புட்டுத்தான், நிறுத்து!" என்று கார்த்திகேஷுக்குக் கட்டளையிட்டார் முத்துக்குமரன்.

திரையில் ஹம்சவேணி தன் நிறத்துக்குத் திரும்பினாள். எனக்குக் கண் கலங்கியது. கார்த்திகேஷ் நிர்வாகத் தெளிவோடு சொன்னான்: "பழைய படத்து மேலயே சேவ் பண்ணிட்டேன் அத்தான். ரெண்டு கெடந்தா குழப்பம்."

திதியன்று காலை ஃப்ளெக்ஸ் ஏறியது. அச்சகத்துக் கணினி பேரவையில் உறுப்பினர் அல்ல. அதற்குப் பச்சை முழுதாகவே தெரியும். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி'க்கு மேலே பாசி பிடித்த முகத்தோடு சிரித்தாள் ஹம்சவேணி. அந்த வழியாக வந்த பூக்காரம்மா ஒருத்தி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா அத்தான்! மீனாட்சியும் பச்சைதான? நம்ம ஊர்ல யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"உங்க அக்கா மாநிறம்டா மாப்ள."

"வீட்டுத் திரையில இப்பவும் மாநிறந்தான் அத்தான். வேணும்னா வந்து பாருங்க."

அடுத்த மாதம் புது டிரைவர் வந்தது. உலகம் தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டது. திரையில் இலை பச்சையாக, வானம் நீலமாக, என் மனைவியும் பச்சையாகத் தெரிந்தாள். பச்சையைக் குறைத்துப் பார்த்தார்கள். முகம் சாம்பல் நிறமானது. தத்தனேரிச் சுடுகாட்டில் ஒருமுறை பார்த்த நிறம். போதும் என்றேன்.

பேரவையின் ஆண்டு விழாவில் என்னை 'பயனாளி' என்று மேடையேற்றி, சால்வை போர்த்தினார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்று மைக்கை நீட்டினார் முத்துக்குமரன்.

பேசினேன்: "பேரவையின் உழைப்பால் என் வீட்டுத் திரை இப்போது துளியும் பொய் சொல்வதில்லை. ஹம்சவேணியை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அதில் அப்படியே தெரிகிறது."